உப்புப் போட்ட சக்கை

அத்தியாயம் 14

பத்தாவியாக் கப்பல் வந்து முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டது என்று சமையற்கட்டுச் சந்தியாகு ஓடிவந்து சொன்னான். அந்த இடத்தில் இருசம்மாளை அப்படியே விட்டுவிட்டு, போன வாரம் நாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவள் பாவம், எங்கே போவாள்? முயல் கூண்டுகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விடியவைத்தாள்.

அந்தக் கப்பலில்தான் அவள் புருஷன் நாகப்பன் வரவேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதே குப்பத்து ரங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் கப்பலில் கூலிக்கு ஏறிப் போனவன். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தார் அவன் அண்ணன், அவளுடைய மூத்தார் துளசிங்கம். 'தம்பி போயிட்டான், தாலிய எறக்கிடும்மா' என்று குப்பத்தார் முன்னிலையில் சொல்லிவிட்டார். ஏரியில் யார் எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்களே, அந்தப் பாடு வரிசையிலிருந்தும் நாகப்பன் பேரை எடுத்துவிட்டார்கள்.

'அவரு உசுரோட கீறாரு' என்று ஒரே பிடியாக நின்றாள் இருசம்மாள். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்துவிட்டாள்.

ஏன் கோட்டைக்கு? கப்பல் சேதி முதலில் வருகிற இடம் அது. கரையிறங்கிய ஆட்களை முற்றத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதும் அங்கேதான். அந்த முற்றத்துக்குள் வேலைக்காரர்களைத் தவிர யாரும் நிற்க முடியாது. ஆகவே அவளுக்கு உள்ளே ஒரு வேலை வேண்டியிருந்தது. துரைமார் விருந்துக்கு முயல் வளர்க்கிற வேலை கிடைத்தது. 'கோதுமைக் கள்ளு கசடுல கைய வச்சிக்கினு கெடக்கறா' என்று குப்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கோதுமைக் கள் என்று குப்பத்தார் சொல்வது பீரைத்தான். கோட்டைக்குள்ளேயே அதற்கு ஒரு வடிசாலை உண்டு. வாற்கோதுமையை முளைகட்டி, இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, சாற்றை வடித்துக்கொண்டு சக்கையைக் கொட்டிவிடுவார்கள். தாயிடமிருந்து பிரித்த முயல் குட்டிகளுக்கு அந்தச் சக்கைதான் தீனி. வெறும் புல் தின்கிற குட்டி எலும்பும் தோலுமாக நிற்கும். சக்கையும் சேர்த்துத் தின்றால் தொடை திரண்டு சட்டிக்குத் தயாராகிவிடும்.

ஆனால் பொல்லாத சக்கை அது. ஈரத்தோடு ஒரு நாள் கிடந்தால் புளித்து நாறும். அதைத் தின்ற குட்டி வயிறு ஊதிச் சாகும். வெயிலில் மெல்லிசாகப் பரப்பி, கையில் ஒட்டாமல் உதிரும்வரை காயவைத்து, புல்லோடு கொஞ்சமாகக் கலந்து போட வேண்டும். பக்கத்தில் சட்டி நிறையத் தண்ணீரும் இருக்க வேண்டும். இதையெல்லாம் இருசம்மாளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குட்டிகளைச் சாகக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டாள். வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

பேச்சுத் துணை? முயல்தான். முயல் என்ன பேசும், சொல்லுங்கள். சந்தியாகு எப்போதாவது நின்று இரண்டு வார்த்தை பேசுவான். மற்றபடி, நாளெல்லாம் வாய் திறக்காமல் இருந்துவிட்டுத் தன் குரல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளவே சில நாள் தனியாகப் பேசிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளுக்குப் பின்னால் அன்று காலை ஒரு குரல் கேட்டது.

"அண்ணி."

இருசம்மாள் திரும்பவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது. நினைப்பு பண்ணுகிற கூத்து என்று நினைத்துப் புல்லை உதறிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான்தான்."

மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கஸ்தூரி நின்றாள். நாகப்பனின் தங்கை. சமையற்கட்டுக்கு மீன் கொண்டுவந்தவள் என்று காவல்காரன் உள்ளே விட்டிருக்கிறான்.

"இன்னாடி கஸ்தூரி, நீயா? யாருனா பாத்தா வம்பாயிடப் போவுது. பெரியவருக்குத் தெரியுமா நீ வந்தது?"

"தெரியும். அவருதான் படகுல இட்டாந்து வுட்டாரு."

இருசம்மாள் கையிலிருந்த புல் கீழே விழுந்தது. மூத்தாரே அனுப்பினாரா! அவளுக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். நாளைக்குத் தம்பி வந்து இறங்கினால் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வார் மனுஷன்? அதனால்தான் தங்கையைத் தூது விட்டிருக்கிறார்.

"இப்பவாச்சும் வந்தியே, போதும்டி. உள்ள வா, வா. எளச்சிப் பூட்டியே. கஞ்சி குடிக்கறியா? மடவைக் கருவாடு சுட்டுத் தரேன்."

"அண்ணி, உன்னாண்ட ஒண்ணு..."

"எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல குந்து."

கஸ்தூரி உட்கார்ந்தாள். இருசம்மாள் கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். தன் வீட்டில் இன்னொருத்தி சாப்பிடுவதைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று அழவும் செய்தாள்.

"இன்னாத்துக்கு அண்ணி அழுவற?"

"சந்தோசத்துலடி. நாளைக்கு உங்கண்ணன் வந்துட்டா நான் இங்க எதுக்குக் கெடக்கறேன்? இந்த முசலும் வாணாம், சக்கையும் வாணாம். பாடு வரிசையில அவரு பேரத் திருப்பிச் சேத்துடுவாரு இல்ல பெரியவரு?"

கஸ்தூரி வாயைத் திறந்தாள். கஞ்சியைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அதற்குள் வடிசாலை ஆட்கள் ஆவி பறக்கும் சக்கையைக் கூடை கூடையாக வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். நாளை மாலுமித் துரைக்கு விருந்து. அதற்காகவே இன்று பீர் அதிகமாகக் காய்ச்சினார்கள். இருசம்மாள் பாய்களை விரித்துச் சக்கையைப் பரப்பிவிட்டு மேலே பார்த்தாள். வாடைக்காற்று திரும்பி வானம் கறுத்திருந்தது.

"பாரு, இன்னிக்குன்னு வெயிலக் காணோம். நனஞ்சா நாறிப் பூடும் இது. கஸ்தூரி, நான் ஏரிக்கரையில புல்லு அறுத்துக்கினு வந்துடறேன். காக்கா வராம இத்தப் பாத்துக்கினு இருடி. நாளைக்கு நல்ல குட்டியா துரை கண்ணுல காட்டணும். இல்லாட்டி என்னைக் கோட்டைய வுட்டே தொரத்திடுவாங்க. பேரு கூப்புடற நேரத்துல நான் முத்தத்துல நிக்கணும்."

"நீ போ அண்ணி, நான் கீறேன்."

அந்த 'நான் கீறேன்' இருசம்மாளுக்குப் போதுமாக இருந்தது. அரிவாளை எடுத்துக்கொண்டு சின்னப் பெண்ணாட்டம் போனாள்.

புல் அறுக்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது. பனைமரத்தடியில் ஒண்டிக்கொண்டு, நாகப்பனிடம் முதலில் என்ன கேட்பது என்று யோசித்துப் பார்த்தாள். ஏன் இத்தனை வருஷம் என்று கேட்கலாம். வேண்டாம், வந்ததும் வராததுமாகச் சண்டை எதற்கு? சாப்பிட்டாயா என்று கேட்கலாம். தனக்குத்தானே வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தாள். முகத்துவாரத்துப் பக்கம் பாய்மரங்கள் மழையில் மங்கலாகத் தெரிந்தன.

தூறல் விட்டுத் திரும்பி வந்தபோது பாய்களெல்லாம் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. சக்கை முழுவதும் பெரிய மிடாப் பானைக்குள் அழுத்தி அடைக்கப்பட்டிருந்தது. மேலே ஒரு கல்.

"இன்னாடி இது?"

"மழ வந்துடுச்சு இல்ல அண்ணி? நனஞ்சிட்டா நாறிப் பூடும்னு நீதான சொன்ன? அதான் மீனுக்குப் போடறாப்போல பதமாப் போட்டு அமுக்கிட்டேன். இனிமே எத்தினி நாளானாலும் கெடாது."

"இன்னா போட்ட?"

"உப்புதான். சமையக்கட்டுல கேட்டேன், ஒரு மொறம் குடுத்தாங்க."

இருசம்மாள் மிடாவுக்குள் கைவிட்டு ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தாள். கரித்தது.

"குட்டிங்களுக்குப் போட்டியா?"

"பாவம், பசியில மூங்கிலக் கடிச்சிக்கினே இருந்துச்சுங்க. வயிறு ரொம்பப் போட்டேன் அண்ணி! நல்லாத் துன்னுச்சுங்க."

"தண்ணி?"

"சக்கையே ஈரமாத்தான கீது?"

இருசம்மாள் கூண்டுகளுக்கு ஓடினாள். முந்தின நாளே காலியான தண்ணீர்ச் சட்டிகள் காய்ந்து கிடந்தன. காலையில் நிரப்புகிற சட்டிகள். இன்றைக்கு நாத்தனாரைக் கண்ட சந்தோஷத்தில் அவள் நிரப்பவில்லை. குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள். சில குட்டிகள் முண்டியடித்துக்கொண்டு குடித்தன. சில குட்டிகள் தலையைத் தூக்கவே இல்லை. கொழுத்த குட்டிகள்தான் அதிகம் தின்றிருந்தன. அவைதான் முதலில் கால்களை நீட்டின.

கஸ்தூரிக்கு விளங்கவே இல்லை. கெட்டுப்போகிற எதையும் உப்புப் போட்டுக் காப்பாற்றுவது என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள். உப்பு ஒன்றைக் கொல்லும் என்று யாராவது சொன்னால் அந்தக் குப்பமே சிரிக்கும்.

"எல்லாத்துக்கும் உப்புதான அண்ணி?"

"எல்லாத்துக்கும் இல்லடி. உசுரோட கீற குட்டிக்கு இல்ல." இருசம்மாளுக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. வந்தது. ஓங்கி ஒன்று வைக்கலாம் போலத்தான் இருந்தது. கஸ்தூரி செத்த குட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தேம்புவதைப் பார்த்ததும் கை எழவில்லை.

"சரி, வுடு. நீ கெளம்பு. சாயங்காலம் துரை குட்டி பொறுக்க வருவாரு. நீ உப்புப் போட்டன்னு தெரிஞ்சா கட்டி வச்சித் தோல உரிச்சிடுவாங்க. கூடைய எடு."

"நான் சொல்லவேண்டியது ஒண்ணு கீது அண்ணி. அத்தச் சொல்ல முடியாமத்தான் கைக்கு எதுனா வேல கெடச்சாப் போதும்னு..."

"இப்ப கதை கேக்கற நேரமாடி? போடி வெளிய!"

கஸ்தூரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் இருசம்மாள் அப்புறம் செய்ததைச் செய்திருப்பாளா? எனக்குத் தெரியாது.

சாயங்காலம் சமையற்கட்டுத் துரை வந்தார். பின்னாலேயே சந்தியாகு, இரண்டு பாஷைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட முகத்தோடு வந்தான். இருசம்மாள் செத்த குட்டிகளை மறைக்கவில்லை. சாக்கின்மேல் வரிசையாகக் கிடத்தி வைத்திருந்தாள். துரை ஒன்றைக் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். மிடாவுக்குள் விரலை விட்டுச் சப்பினார். காறித் துப்பிவிட்டுக் கத்த ஆரம்பித்தார்.

"இன்னா சொல்றாரு?" என்று கேட்டாள் இருசம்மாள்.

சந்தியாகு குரலைத் தாழ்த்தினான். "இருசம்மா, இது உன் கைவேல இல்லன்னு அவருக்கே தெரியுது. இத்தினி வருசமா நீ ஒருநாளும் உப்பு கேட்டதில்ல. மீன்காரி ஒருத்தி வந்துதான் வாங்கினு போனான்னு சமையக்கட்டுல சொல்றாங்க. அவ யாருன்னு சொல்லிடு. அவள இட்டாந்து அடிச்சிட்டு வுட்டுடுவாங்க. உன் வேல உனக்கு இருக்கும்."

"சொல்லலன்னா?"

"இன்னிக்கே வெளிய. நாளைக்குக் கப்பல் ஆளுங்க வந்து எறங்கறாங்கம்மா. நீ இங்க எதுக்குக் காத்துக்கினு கெடக்கறன்னு எனக்குத் தெரியாதா? யாரோ ஒரு மீன்காரிக்காவ..."

யாரோ ஒரு மீன்காரி. சொல்வது எவ்வளவு சுலபம்! கஸ்தூரி என்று நான்கு எழுத்துச் சொன்னால் நாளை முற்றத்தில் நிற்கலாம். நாகப்பன் பேரைக் கூப்பிடும்போது, 'இதோ, நான் கீறேன்' என்று முதல் ஆளாக ஓடலாம். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இந்த முயல் நாற்றத்தில் மூன்று வருஷம் கிடந்தாள். தொண்டைவரை வந்த பேர் அங்கேயே நின்றது. புருஷனை வரவேற்று, அவன் தங்கையின் முதுகில் இருக்கும் தழும்பைக் காட்டுவதா?

"உப்பு நான்தான் வாங்கியாரச் சொன்னேன்" என்றாள். "போட்டதும் நான்தான். புத்தி கெட்டுப் போச்சு."

"இருசம்மா..."

"அப்படியே சொல்லுங்க அவராண்ட."

சந்தியாகு சொன்னான். துரை வாசற்பக்கம் கையைக் காட்டினார்.

துணி மூட்டை வரும்போது இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. பிழைத்துக் கிடந்த குட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, 'புல்லு மட்டும் போடுங்க, நாலு நாளைக்குச் சக்கை காட்டாதீங்க' என்று சந்தியாகுவிடம் சொல்லிவிட்டு நடந்தாள். கோட்டைக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

கரையில் கஸ்தூரி போகாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி, படகில் கழியை ஊன்றிக்கொண்டு முகத்தை ஏரிப்பக்கம் திருப்பியபடி துளசிங்கம் நின்றிருந்தார்.

மூட்டையைப் பார்த்ததும் கஸ்தூரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "ஐயோ அண்ணி! என் பேரச் சொல்லி இருக்கலாம் இல்ல?"

"சொல்லிட்டு? இத்தினி வருசத்துல அண்ணின்னு கூப்ட்டுக்கினு வந்தவ நீ ஒருத்திதான். உன்னையும் காட்டிக் குடுத்துட்டு நான் யாரு மூஞ்சில முழிக்கறது? வுடு. உள்ள நின்னாத்தான் புருசனா? வெளிய நின்னு பாத்துட்டுப் போறேன். நாளைக்கு இந்த வழியாத்தான வரணும் அவரு?"

கஸ்தூரி அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணன் கப்பல்ல இல்ல அண்ணி."

இருசம்மாள் மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "சரி. அடுத்த கப்பல்ல வருவாரு."

"அடுத்த கப்பல்லயும் இல்ல."

துளசிங்கத்தின் கழி தண்ணீரில் ஒருமுறை சலசலத்தது.

"நேத்து பெரியண்ணன் கப்பலுக்குப் படகு தள்ளிக்கினு போனாரு. அங்க ரங்கனப் பாத்தாரு. போன மழைக்கு அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டுச்சாம். ரங்கன்தான் கூட இருந்து மண்ணுல போட்டானாம். அத்தச் சொல்லத்தான் காலையில வந்தேன். நீ கஞ்சி ஊத்திக் குடுத்துட்டு சந்தோசத்துல அழுவற. நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

இருசம்மாள் மணலில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கோட்டைக்குள் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாளை விருந்துக்கு.

"இன்னொண்ணும் கீது" என்றாள் கஸ்தூரி. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அண்ணனைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. "ரங்கன் ஒரு கொழந்தைய இட்டாந்திருக்கான், ராத்திரியே பெரியண்ணன் அத்தப் படகுல ஏத்தி நம்ம வூட்டுக்குக் கொணாந்துட்டாரு. பொட்டப் புள்ள. நடக்குது, பேசுது, நம்ம பேச்சு தெரியல. அங்கத்துப் பொம்பளைக்குப் பொறந்தது. அவளும் அதே காய்ச்சல்ல பூட்டாளாம். புள்ள... அண்ணனோடது."

இப்போது வந்தது.

"அஞ்சு வருசம்டி!" இருசம்மாள் மணலை அள்ளிக் கோட்டைச் சுவரின்மேல் வீசினாள். "தாலிய எறக்க மாட்டேன்னு ஊரையே பகைச்சிக்கினேன்! ஒரு நல்லது கெட்டதுக்கு ஆளில்லாம, முசலுகூடப் பேசிக்கினு கெடந்தேன்! அவரு அங்க பொண்டாட்டி புள்ளன்னு... இங்க ஒருத்தி கீறாளேன்னு ஒருநாளாச்சும் நெனச்சிருப்பாரா? கேளுடி உங்கண்ணன, கேளு!"

யாரைக் கேட்பது? கஸ்தூரி அழுதாள். இருசம்மாள் கத்தி ஓய்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். செத்தவனுக்காக அழுவதா, ஏமாந்தவளுக்காக அழுவதா என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதாள்.

"இருசம்மா." துளசிங்கம் அவளோடு பேசி மூன்று வருஷம் ஆயிற்று. "பொழுது சாயுது. படகுல ஏறும்மா. நம்ம வூட்டுக்குப் போவலாம்."

அவள் நிமிரவில்லை. அவர் தங்கையைப் பார்த்துக் கையை விரித்தார். ஏரிமேல் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. இருவரும் காத்துக்கொண்டே நின்றார்கள்.

வெகுநேரம் கழித்து, முழங்காலிலிருந்து முகத்தை எடுக்காமலே இருசம்மாள் கேட்டாள்.

"எதுனா துன்னுச்சா அது?"